உழவு இயந்திரத்தைப் பிரிக்கக் கொடுக்க முன்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கிராமக் கூட்டமொன்றில் பண்ணை இயந்திரப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை)



காலபோக மழைக்கு இன்னும் அதிக நாள் இல்லை. உங்களில் பலரிடம் பழைய மஸி பேர்குசன் 35 அல்லது 135 இருக்கிறது. சிலருடையது இடப்பெயர்வில் கூடவே வந்து திரும்பியது. சிலருடையது வளவிலோ பற்றைக்குள்ளோ வருடக்கணக்காக நின்றது. இப்போது எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எஞ்சின் செய்யவேண்டும் என்கிறார்கள், எவ்வளவு முடியும்?" அந்தக் கேள்விக்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. எஞ்சினில் எது தேய்ந்திருக்கிறது? அது தெரியாமல் பிரிக்கக் கொடுத்தால், நொசில் வேலையோடு முடியவேண்டியது லைனர், பிஸ்ரன், கிறாங் என்று நீண்டு, விதைநெல்லுக்கும் வீட்டுக்கும் வைத்திருந்த காசு கராஜில் போய்விடும். மறுபக்கம், உண்மையிலேயே தேய்ந்த எஞ்சினை நொசில் மாற்றி ஓட்டினால் சேற்றுழவு நடுவில் நின்றுவிடும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. உழவு இயந்திரம் இன்னும் துப்புரவு செய்யப்படாத காணியிலோ பற்றைக்குள்ளோ நின்றால் கிட்டப் போகவேண்டாம். ஆசனத்துக்கு அடியில், ஆயுதப்பெட்டிக்குள், சில்லுக்குக் கீழே வெடிபொருள் இருக்கலாம். கண்ணிவெடி அகற்றுபவர்களிடமோ கிராம அலுவலரிடமோ சொல்லுங்கள். அவர்கள் பார்த்து, போகலாம் என்று சொன்ன பிறகு போங்கள். பிள்ளைகளை அனுப்பிப் பார்க்கச் சொல்லவே கூடாது.

நீண்ட காலம் நின்ற எஞ்சினை உடனே ஸ்ரார்ட் பண்ணவும் கூடாது. கியரில் போட்டு இன்னொரு மெசினால் இழுப்பது இன்னும் மோசம். நிமிர்ந்து நிற்கிற சைலன்சர் குழாய்க்கு மூடி இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் அதன் வழியாக இறங்கும். எந்தச் சிலிண்டரின் வால்வு திறந்த நிலையில் நின்றதோ, அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போய் றிங்கும் லைனரும் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அப்படி ஒட்டியதை இழுத்தால் றிங் உடையும், தள்ளுகம்பி வளையும். இன்ஜெக்ரர் மூன்றையும் கழற்றி, அந்தத் துவாரங்களால் டீசலும் எஞ்சின் ஒயிலும் பாதிப்பாதி கலந்து கொஞ்சம் ஊற்றி, மூன்று நான்கு நாள் விடுங்கள். பிறகு கிறாங் நட்டில் பெரிய ஸ்பனர் போட்டு முன்னும் பின்னுமாக மெதுவாக அசையுங்கள். அசையத் தொடங்கினால், இன்ஜெக்ரர் இல்லாமலே சுற்றி உள்ளேயிருக்கிற திரவத்தை வெளியே தள்ளவேண்டும். அந்த நேரம் யாரும் மேலே குனிந்து பார்க்காதீர்கள். எயார் கிளீனர் குழாயையும் பாருங்கள். எலிக்கூடும் குளவிக்கூடும் அங்கே சாதாரணம்.

அடுத்தது ஒயில். ஒயில் அளவு பார்க்கிற கம்பியை இழுங்கள். ஒயில் குறைந்திருந்தால் அது ஒரு செய்தி, கூடியிருந்தால் அதைவிடப் பெரிய செய்தி. ஊற்றாமலே ஒயில் மட்டம் ஏறினால் ஒன்றில் தண்ணீர், இல்லாவிட்டால் டீசல். பால்தேநீர் போல வெளிறியிருந்தால் தண்ணீர். மெல்லியதாக, டீசல் மணத்தோடு இருந்தால் டீசல். நின்ற எஞ்சினில் தண்ணீர் அடியில் இறங்கியிருக்கும், கம்பியில் தெரியாது. அதனால் கீழேயுள்ள வடிகால் நட்டைச் சற்றுத் தளர்த்தி முதலில் என்ன சொட்டுகிறது என்று பாருங்கள். டீசல் கலந்தால் பயப்படவேண்டாம். பக்கத்தில் இருக்கிற சிறிய டீசல் ஏற்றுபம்பின் டயப்பிறம் கிழிந்திருக்கும், அல்லது பெரிய டீசல் பம்பின் தண்டுச் சீல் போயிருக்கும். இரண்டையும் எஞ்சினைப் பிரிக்காமலே செய்யலாம். ஆனால் அந்த ஒயிலோடு ஓட்டினால் பெயரிங் போய்விடும், அதற்குப் பிறகு பிரிக்கத்தான் வேண்டும்.

சரி, எஞ்சின் ஓடுகிறது என்று வைப்போம். இனிப் புகை. எல்லோரும் புகையைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். புகை சாட்சி சொல்லும், தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. கறுப்புப் புகை என்றால் காற்றுப் போதவில்லை அல்லது டீசல் வடிவாகச் சிதறவில்லை. எயார் கிளீனரைக் கழுவி, நொசிலைச் சோதித்துப் பாருங்கள். வெள்ளைப் புகை காலையில் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் பிரச்சினை இல்லை. சூடான பிறகும் கண்ணை எரிக்கிற வெள்ளைப் புகை வந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் டீசல் எரியாமல் போகிறது. றேடியேற்றர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து வைத்து ஸ்ரார்ட் பண்ணிப் பாருங்கள். தண்ணீரில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கஸ்கற் அல்லது ஹெட்டில் வெடிப்பு. சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறக்கவே வேண்டாம்.

நீலப் புகைதான் ஒயில் எரிகிற புகை. அதைக் கண்டவுடன் "றிங் போச்சு" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். எயார் கிளீனர் கிண்ணத்தில் குறிக்கு மேலே ஒயில் ஊற்றியிருந்தாலும் எஞ்சின் அதை இழுத்து நீலமாகத்தான் விடும். அது சரியென்றால், எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஸ்ரார்ட் பண்ணும்போதும், நெடுநேரம் மெதுவாக ஓடவிட்டுத் திடீரென்று வேகம் கொடுக்கும்போதும் ஒரு குப்பென்று வந்து அடங்கினால் பெரும்பாலும் வால்வு கைட். உழும்போதும், பெட்டியில் பாரம் ஏற்றி இழுக்கும்போதும் விடாமல் வந்தால் றிங், லைனர் பக்கம் பாருங்கள்.

அதை உறுதிப்படுத்த ஒரு சோதனை இருக்கிறது, காசு செலவில்லை. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, மெதுவாக ஓடவிட்டு, மேலேயுள்ள ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து உள்ளங்கையைப் பிடியுங்கள். இலேசான காற்று எல்லா எஞ்சினிலும் வரும். மூச்சு இழுக்கிறவர் போல விட்டுவிட்டுக் குபுகுபுவென்று புகையோடு தள்ளினால், எரிவாயு றிங்கைத் தாண்டிக் கீழே போகிறது. இனி எந்தச் சிலிண்டர் என்று பார்ப்போம். ஒவ்வொரு இன்ஜெக்ரர் குழாயின் நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் தடுமாறும். தடுமாறாவிட்டால் அந்தச் சிலிண்டர் முதலே வேலை செய்யவில்லை. ஒன்றைத் தளர்த்தும்போது அந்தக் குபுகுபு குறைந்தால் தேய்வு அங்கேதான். நட்டின் மேல் பழந்துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள். வெளியே கழற்றிய நொசில் அடிக்கும்போது கையை அதற்கு முன்னால் நீட்டாதீர்கள். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கம்பிறஷன் அளக்கிற மானி வைத்திருக்கிற மெக்கானிக் கிடைத்தால் நல்லது. பெற்றோல் காருக்குரிய மானி டீசலுக்கு உதவாது. எண்ணைவிட மூன்று சிலிண்டருக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் முக்கியம். அளக்க முன் வால்வு இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இந்த மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம். வால்வு இறுகி மூடாமல் நின்றாலும் கம்பிறஷன் குறையும், பழி றிங்கில் விழும்.

ஸ்ரார்ட் வராததைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். காலையில் ஸ்ரார்ட் வர மறுத்து, இழுத்தால் வந்து, சூடானபின் நன்றாக வந்தால் கம்பிறஷன் குறைவாக இருக்கலாம். ஆனால் பழைய பற்றறி மெதுவாகச் சுற்றினாலும் இதேதான் நடக்கும். ஒரு நாளைக்கு நல்ல பற்றறி இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். இதற்கு நேர்மாறாக, காலையில் ஒரே சுற்றில் வந்து, வயலில் சூடாக நிறுத்தினால் திரும்ப வராது என்றால், டீசல் பம்ப் உள்ளே தேய்ந்திருக்கிறது. நிறுத்திய எஞ்சினில் பம்பின்மேல் ஈரச் சாக்கைப் போட்டு ஆறவிட்டு முயலுங்கள். வந்தால் பம்ப்தான். தடைக் காலத்தில் டீசல் இல்லாமல் மண்ணெண்ணெய் ஊற்றி ஓடிய மெசின்களில் இதை எதிர்பார்க்கலாம். அந்தப் பம்புக்கு டீசல்தான் மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புப் போதாது. அப்படியான எஞ்சினுக்குப் புது லைனர் போட்டும் சூட்டில் ஸ்ரார்ட் வராது.

இனி எஞ்சினின் கீழ்ப்பகுதி. ஒயில் அழுத்தமானியை நம்பமுடியாவிட்டால் ஒரு நல்ல மானியைப் பூட்டிப் பாருங்கள். குளிரில் எல்லா எஞ்சினும் நல்ல அழுத்தம் காட்டும், அதைப் பார்த்து மகிழவேண்டாம். ஒரு மணித்தியாலம் உழுத பிறகு, முழு வேகத்தில் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலுக்குக் குறையக்கூடாது. புது ஒயில் ஊற்றியும் சூட்டில் இறங்கினால் பெயரிங், கிறாங், ஒயில் பம்ப் மூன்றையும் பார்க்கவேண்டும். பாரம் ஏறும்போது அடியிலிருந்து கனமான தட்டல் கேட்டு, ஒரு நொசில் நட்டைத் தளர்த்த அந்தத் தட்டல் அடங்கினால், அந்தச் சிலிண்டரின் தண்டுப் பெயரிங். அதோடு ஓட்டாதீர்கள். பெயரிங் மட்டும் என்றால் ஒரு செலவு, கிறாங் அரைந்தால் பல மடங்கு செலவு.

இதையெல்லாம் பார்த்தபின் முடிவு கடினமில்லை. மூடியில் காற்று அமைதி, ஒயில் அழுத்தம் சரி, புகை மட்டும் கெட்டது என்றால் நொசிலையும் எயார் கிளீனரையும் செய்யுங்கள், எஞ்சினைத் தொடவேண்டாம். ஒரு சிலிண்டர் மட்டும் பலவீனம், கீழே காற்றுத் தள்ளவில்லை என்றால் ஹெட்டை மட்டும் இறக்குங்கள். இறக்கினதும் லைனரின் மேல் ஓரத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் படியில் தட்டுவதுபோல் நன்றாகத் தட்டினால் லைனர் தேய்ந்துவிட்டது, அங்கே புது றிங் மட்டும் போடுவது வீண்செலவு. காற்றும் தள்ளி, அழுத்தமும் விழுந்தால் முழு வேலைதான். அதை அரைகுறையாகச் செய்யாதீர்கள். காசு இல்லையென்றால் இந்தப் போகத்துக்கு வாடகைக்கு உழுவித்து, அடுத்த போகத்துக்குச் செய்யலாம்.

மெக்கானிக்குடன் பேசும்போது உங்கள் சோதனை முடிவுகளை எழுதிக் கொண்டுபோங்கள். என்னென்ன சாமான் மாற்றுவது என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பித் தரும்படி முதலே சொல்லுங்கள். கிறாங் அரைத்தால் 10, 20, 30 என்று எந்த அளவுக்கு அரைத்தது என்பதைக் குறித்து வையுங்கள், அடுத்த தடவை பெயரிங் வாங்க அது வேண்டும். காசு செலவழிக்க முன் எஞ்சின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் உங்கள் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

கணவரை இழந்து மெசினை மட்டும் வைத்திருக்கிற அம்மாமாருக்குத் தனியாக ஒன்று. பழைய இரும்பு வாங்குகிறவர்கள் படலைக்கு வருகிறார்கள் என்று அறிகிறேன். "எஞ்சின் போயிட்டுது, இரும்பு விலைதான்" என்று சொன்னால், இந்தச் சோதனைகளைச் செய்யும்வரை விலை பேசாதீர்கள். உங்கள் கமக்காரர் அமைப்பில் கேட்டால் மெசின் தெரிந்த ஒருவர் வந்து பார்ப்பார். எஞ்சின் உண்மையிலேயே போயிருந்தாலும் பின்பகுதியும், கியர்ப்பெட்டியும், சில்லுகளும் இரும்பு விலைக்குப் போகிற சாமான் இல்லை.

வெளியே வாகை மரத்தடியில் ஒரு 135 நிற்கிறது. அரை மணித்தியாலமாக ஓடிக்கொண்டிருக்கிறது, நன்றாகச் சூடாகியிருக்கும். எல்லோரும் வாருங்கள். அம்மாமார் முன்னுக்கு நில்லுங்கள், மூடியைத் திறந்து கை வைத்துப் பார்க்கப்போகிறவர்கள் நீங்கள்தான்.