பறிமுதலான பாட்டு



கென்ய நாட்டு எழுத்தாளர் கூகி வா தியாங்கோ 2025-ஆம் ஆண்டு மே மாதம் காலமானார். ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதிய காலமெல்லாம் அவரைச் சிறையிடாத அரசு, 1977-இல் தம் தாய்மொழியாகிய கிக்கூயுவில் உழவரும் தொழிலாளரும் நடிக்கும் நாடகமொன்றை அவர் அமைத்ததும், அவ்வாண்டிறுதியில் விசாரணையின்றியே சிறையில் அடைத்தது. அது வெள்ளையர் அரசுமன்று. விடுதலை பெற்ற நாட்டின் சொந்த அரசு.

தாய்மொழிச் சொல்லுக்கு அரசுகள் அஞ்சுவது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. 1904-இல் சுதேசமித்திரனில் அமர்ந்த பாரதியார் முதலிற் செய்த வேலை யாது? ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலை. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எம்போன்றோர் இதனைச் சற்றுப் பெருமையோடு நினைப்பதுண்டு. ஆங்கிலம் கற்ற சிலர்க்கே உரியதாயிருந்த அரசியல் வாதம் அவர் கையில் தெருவிற் பாடும் பாட்டாயிற்று. 1908-இல் அவர் புதுச்சேரி புக நேர்ந்தது. அங்கிருந்து வெளிவந்த 'இந்தியா' இதழும் பின்னர் பிரிட்டிஷ் எல்லைக்குள் வாராதபடி தடுக்கப்பட்டது.

1921-இல் அவர் மறைந்தார். ஆட்சியாளரின் அச்சம் மறையவில்லை. 1928-இல் பர்மா அரசு அவருடைய பாடல் நூல்களைத் தடைசெய்ய, சென்னை அரசும் பின்தொடர்ந்து பறிமுதல் செய்தது. இறந்து ஏழாண்டான கவிஞரின் நூல்களைப் போலீசார் தேடிய விந்தை அது! சட்டசபையில் சத்தியமூர்த்தி இதனை வன்மையாகக் கண்டித்தார்.

பறிமுதல் செய்த அதே சென்னை அரசு, விடுதலைக்குப் பின் 1949-இல், ஓமந்தூரார் தலைமையில், அந்நூல்களின் உரிமையை விலை கொடுத்து வாங்கிற்று. பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையைப் பெற்றிருந்த ஏ.வி. மெய்யப்ப செட்டியார் அதனை விலையின்றியே விட்டுக் கொடுத்தார். பின்னர் யாவும் பொதுவுடைமையாயின. ஓர் எழுத்தாளரின் அரசியல் உடைமை மக்களிடம் வந்து சேர்ந்த வரலாறு இது.

வந்து சேர்ந்ததை நாம் எவ்வளவு எடுத்துக்கொண்டோம்? படையோடும் இரயில்வேயோடும் சிக்கந்தராபாத் வந்த தமிழரின் வழியினர் இன்று அல்வாலிலும் வாழ்கின்றனர். பாரதி விழாவில் நம் பிள்ளைகள் பிழையறவே பாடுகின்றனர். கையிலுள்ள தாளிலோ தெலுங்கு எழுத்து, அல்லது ஆங்கில எழுத்து. பாட்டேனும் செவிவழி வந்துவிடும். பெண்விடுதலை பற்றியும் சாதி பற்றியும் அவர் எழுதிய உரைநடை அவ்வாறு வாராது. தமிழ் எழுத்தறியாத பிள்ளைக்கு அது பறிமுதலான நூலே. இம்முறை பறித்தது எந்தப் போலீசும் அன்று.

ஆகவே ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்துக் கற்பித்து, ஒரு பக்கம் வாசித்து, தெலுங்கிற் பொருள் சொல்லி வருகிறோம். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களிலே நம் நாட்டுப் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் பாடிய பாட்டே முதற்பாடம். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தோரின் வீடுகளில் அதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்து, பெண்கள் விடுதலை பற்றிய கட்டுரைகளை எடுக்கக் கருதியுள்ளோம்.