மஞ்சள் ஏன் சிவந்தது?

(‘பிள்ளைகளின் அறிவை வளர்ப்பது ஏட்டுப் படிப்பா? செய்முறைப் படிப்பா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘செய்முறைப் படிப்பே’ என்ற அணியில் பேசியது)



“தமிழ்ப் பேராசிரியருக்கு அறிவியல் பாடத்திலே என்ன வேலை?” என்று எதிரணித் தம்பி கேட்டுவிட்டுப் போனார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் ஐயா. நான் தமிழ் படித்ததற்குத் தமிழ்ப் பற்று பாதிக் காரணம். வேதியியல் பயம் மீதிக் காரணம்! (சிரிப்பு)

‘அமிலம் நீல லிட்மஸைச் சிவப்பாக்கும், காரம் சிவப்பு லிட்மஸை நீலமாக்கும்.’ விடிய விடியச் சொல்லிச் சொல்லிப் படித்தேன். ஆனால் அந்த லிட்மஸ் தாள் எப்படி இருக்கும்? கண்ணாலே பார்த்ததில்லை. பரீட்சையிலே எது சிவக்கும், எது நீலமாகும் என்று குழம்பி, கடைசியிலே சிவந்தது என் முகம்தான்! (சிரிப்பு)

என் தங்கை மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். “மாமா, இங்க வாங்க, ஒரு வேடிக்கை காட்டுறேன்” என்றாள். மஞ்சள்தூளைத் தண்ணீரிலே குழைத்து, காகிதத்திலே தடவிக் காயவைத்திருந்தாள். அதிலே ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டாள். சிவந்துவிட்டது! அதே இடத்திலே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். மறுபடியும் மஞ்சள்! “சோப்பு காரம் மாமா. எலுமிச்சை அமிலம். ஒண்ணை ஒண்ணு அடக்கிடுச்சு. இதுக்குப் பேருதான் நடுநிலையாக்கல்” என்றாள். நான் எழுதி எழுதிப் படித்தும் மனசிலே நிற்காத வார்த்தை ஐயா அது!

அதோடு விட்டாளா? “மாமா, எலுமிச்சை பட்டாலும் மஞ்சளாவே இருக்கு, வெறும் தண்ணி பட்டாலும் மஞ்சளாவே இருக்கு. அப்போ தண்ணியும் அமிலமா?” என்று கேட்டாள். எனக்கு எங்கே பதில் தெரியும்? மறுநாள் அவள் ஆசிரியர் செம்பருத்திப் பூவைக் கொண்டுவரச் சொன்னாராம். இதழை வெந்நீரிலே ஊறவைத்து அந்தச் சாற்றை எடுத்தார்களாம். அதிலே எலுமிச்சை விட்டால் அடர்ந்த ரோஜா நிறம், சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சை, வெறும் தண்ணீர் விட்டால் அந்த இரண்டுமே இல்லை. கேள்வியும் தீர்ந்தது.

நடுவர் அவர்களே, ஏடு பதிலைத்தான் கொடுக்கும். செய்து பார்த்தால்தான் கேள்வி பிறக்கும். (கைதட்டல்) நாம் தலைமுறை தலைமுறையாக மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தி எடுக்கிறோம். தட்டிலே அந்தச் சிவப்பு எப்படி வந்தது என்று நம்மிலே எத்தனை பேர் கேட்டோம்? சுண்ணாம்பு காரம் என்று அந்தப் பிள்ளை எனக்குச் சொல்லித் தருகிறாள்!

“ஏடு இல்லாமல் அறிவு ஏது?” என்றார் எதிரணிச் சகோதரி. அம்மா, அந்த ஏடு எங்கிருந்து வந்தது? ராபர்ட் பாயில் 1664-லே நிறங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வயலெட் பூச்சாறு அமிலத்திலே சிவக்கும், காரத்திலே பச்சையாகும் என்று அதிலே எழுதினார். செய்து பார்த்துவிட்டு எழுதினார் அம்மா! செய்முறைதான் தாய், ஏடு அவள் பெற்ற பிள்ளை.

“பிள்ளைகள் கையிலே அமிலத்தைக் கொடுத்தால் ஆபத்து” என்றும் சொன்னார்கள். எலுமிச்சையிலும் மஞ்சளிலும் ஆபத்து இல்லை. எது ஆபத்து என்று நான் சொல்கிறேன்.

என் மகன் பிளஸ் டூவிலே வேதியியலில் நல்ல மார்க் வாங்கியவன். பொங்கலுக்கு வீடு கழுவினோம். குளியலறையிலே பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, அது மேலேயே கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டையும் ஊற்றிவிட்டான். கண்ணெல்லாம் தண்ணீர், மூச்சுவிட முடியாத இருமல். இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தோம். மூச்சு சீராகிற வரைக்கும் என் உயிர் என்னிடம் இல்லை.

அப்புறம் கேட்டேன்: “ஏண்டா, இது உன் புத்தகத்திலே இல்லையா?”

“இருக்குப்பா. பிளீச்சிங் பவுடரோட அமிலம் சேர்ந்தா குளோரின் வாயு வரும். பரீட்சையில கூட வந்துச்சு.”

“எழுதினியா?”

“முழு மார்க்குப்பா!” (சிரிப்பு, கைதட்டல்)

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நான் அழுதேன் ஐயா. ஏட்டிலே இருந்த குளோரினும், எங்கள் வீட்டுக் குளியலறையிலே இருந்த குளோரினும் ஒன்றுதான் என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை.

அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அலமாரியைப் பார்த்தாள். “மாமா, இது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க. எதோட எது சேரும்னு தெரியாம எதையும் கலக்கக் கூடாதுன்னு எங்க சார் சொல்லியிருக்காரு” என்று ஆசிட் பாட்டிலைத் தானே தொடாமல், என்னை எடுத்துத் தனியாக வைக்கச் சொன்னாள்.

மார்க் வாங்கித் தருவது ஏட்டுப் படிப்பாக இருக்கலாம். உயிரைக் காப்பது செய்து பார்த்த படிப்புதான் என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டு அமர்கிறேன்.