கைப்பிடிச் சுவர்



ஐப்பசி மழைக்கு முன் உங்களில் பலர் ஆள் கூப்பிடாமல் தாங்களே மொட்டைமாடிக்கு ஏறுகிறீர்கள். சருகு அள்ளுகிறீர்கள், தண்ணீர் போகும் குழாயின் வாயைச் சுத்தம் செய்கிறீர்கள், வெடிப்பைச் சிமெண்டு வைத்து அடைக்கிறீர்கள். நல்ல காரியம். வெடிப்பில் இறங்கும் தண்ணீர் உள்ளே கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு உப்பிக் கான்கிரீட்டையே பெயர்த்துத் தள்ளும். ஏணியைப் பிடிக்க மட்டும் கீழே ஒருவர் நிற்கட்டும்.

இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனம் மாடியைப் பற்றியதுதான். புது வீடு கட்டுகிறவர் கூரையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். யாராவது விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது. அந்தக் கூரைகள் தட்டையானவை. யோப்பாவில் பேதுரு செபிக்க ஏறியதும் அப்படி ஒரு மேல்தளத்துக்குத்தான். வீடு ஒழுகுமா என்று அந்த வசனம் கேட்கவில்லை. என் வீட்டால் அடுத்தவருக்கு என்ன நேரும் என்று கேட்கிறது.

போன வருடம் பங்கு இல்லத்து மாடிக் குழாயை நானே திருப்பி வைத்தேன். மாடியில் ஒரு சொட்டு நிற்கவில்லை, எனக்கும் பெருமைதான். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா வந்து நின்றார். "சாமி, உங்க தண்ணி முழுக்க எங்க அடுப்படிச் சுவத்துலதான் விழுது."

காலைத் திருப்பலிக்குப் பிறகு ஏணியோடு போனேன். குழாயை மறுபடி திருப்பினேன். மழை விட்டதும் ஊறிப்போன அந்தச் சுவருக்கு நானே பூச்சும் பூசினேன். சரியாக வரவில்லை. அந்தத் திட்டு இன்னும் தெரிகிறது.