காயிலின் இரு முனைகள்



காரில் இரண்டரை மீட்டர் கம்பியை நிறுத்தி, 7 மெகாஹெர்ட்ஸில் ஊர்விட்டு ஊர் பேசும் ஹாம் வானொலி அன்பர்கள் இருக்கிறார்கள். அங்கே அலைநீளம் ஏறத்தாழ 42 மீட்டர். முறையான கால் அலை ஆன்டெனா என்றால் பத்தரை மீட்டர் உயரம் வேண்டும். ஓடும் வண்டியில் அது ஆகாத காரியம். அதனால் கம்பியைக் குறுக்கி, அடியிலோ நடுவிலோ ஒரு காயிலைச் சேர்த்து ஒத்ததிர்வுக்குக் கொண்டுவருகிறார்கள்.

அந்தக் காயிலுக்குள் நுழையும் மின்னோட்டம் மேல்முனையிலும் அதே அளவில் இருக்குமா? ஹாம்கள் நடுவே தீராத வழக்கு இது. தொடர்சுற்றில் எங்கும் ஒரே மின்னோட்டம்தான் என்கிறது ஒரு கட்சி. காயில் எட்டு மீட்டர் கம்பியின் இடத்தில் நிற்கிறது, அந்தக் கம்பியில் குறையும் அளவு இதிலும் குறைந்தாக வேண்டும் என்கிறது மறு கட்சி.

அளந்து பார்த்துவிடலாம். ஒரு ஃபெரைட் வளையத்தில் மெல்லிய கம்பியைச் சில சுற்று சுற்றி, ஒரு டயோடையும் சின்ன மீட்டரையும் இணைத்து, வளையத்தைக் காயிலுக்குக் கீழே ஆன்டெனாவில் கோருங்கள். பிறகு காயிலுக்கு மேலே கோருங்கள். மீட்டர் வளையத்தோடு ஒட்டியே இருக்கட்டும். நீளமான ஒயர் தொங்கினால் அதுவே கணக்கைக் கெடுக்கும். பருத்த, குட்டைக் காயிலில் முள் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். மெலிந்து நீண்ட காயிலில் மேல்முனையில் நன்றாகவே இறங்கும்.

குறைந்த மின்னோட்டத்தைக் காயிலின் மின்தடை தின்றுவிடவில்லை. வழிநெடுக மடை திறந்த வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் குறைவது போலத்தான் இது. காயிலின் ஒவ்வொரு சுற்றுக்கும் தரைக்கும் இடையே சிறிது மின்தேக்குத்திறன் உண்டு. அதன் வழியே மின்னோட்டத்தில் ஒரு பங்கு இடப்பெயர்ச்சி மின்னோட்டமாகப் பிரிந்து போகிறது. காயிலுக்கு மேலே உள்ள கம்பியின் மின்தேக்குத்திறனோடு ஒப்பிட இது அற்பமானால் இரு முனையும் ஏறக்குறைய சமம். அதிகமானால் வித்தியாசம் பெரிது. ஆகவே, காயிலின் வடிவத்தையும் அது இருக்கும் இடத்தையும் பார்க்காமல் இரு கட்சிக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இது வெறும் வாதத்துக்கான விஷயமல்ல. அடியில் காயில் வைத்த இரண்டரை மீட்டர் கம்பியின் கதிர்வீச்சு மின்தடை ஒன்றரை ஓம்கூட இல்லை. காயிலிலும் தரையிலும் சில ஓம் இழப்பு இருந்தாலே பாதிக்கு மேல் சக்தி சூடாகிப் போய்விடும். காயிலை நடுவுக்கு ஏற்றினால் கீழ்ப்பாதி முழுவதும் ஏறக்குறைய முழு மின்னோட்டம் ஓடும், கதிர்வீச்சும் கூடும். ஆனால் காயில் பெரிதாக வேண்டும், அதன் இழப்பும் சேர்ந்தே வளரும்.

ஆன்டெனா கட்டப்போகும் அன்பர்களே, தடித்த கம்பியில், சுற்றுக்குச் சுற்று இடைவெளி விட்டு, நீளமும் விட்டமும் ஒப்பாக வரும்படி காயில் சுற்றுங்கள். காயிலை ஒட்டி வைக்காமல், கம்பியின் உச்சியில் நாலைந்து ஆரக்கம்பிகளைத் தொப்பிபோல் விரித்துவிடுங்கள். அப்போது சிறிய காயிலே போதும்.