கல்லும் ஓலையும் கணினியும்

(திருமுறை வகுப்பு மாணாக்கர்களுக்கும் திருக்கோயில் பணியாளர்களுக்கும் அன்பர்களுக்கும் நடத்தப்பெற்ற கணினிப் பயிற்சியின் தொடக்கத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

   

திருக்கோயிலில் செய்யத்தக்க தொண்டுகள் பல. திருவலகிடுதல், திருவிளக்கேற்றுதல், நந்தவனம் பேணுதல், பூமாலை தொடுத்தல், உழவாரப்பணி புரிதல் என அவை விரியும். இவற்றோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்க மற்றொரு தொண்டும் உண்டு. அது ஏடு எழுதும் தொண்டாகும். பழைய ஓலை சிதையுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஓலையில் படியெடுத்து வைத்தவர்களால்தான் திருமுறைகள் நம் கைக்கு வந்து சேர்ந்தன. அவர்களுள் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. எனினும் அவர்கள் செய்த தொண்டின் பயனை நாம் நாள்தோறும் ஓதுகின்றோம். அத்தொண்டின் இக்கால வடிவமே கணினி வழிப் பாதுகாப்பு. அதனைப் பற்றிச் சில கருத்துகளை இங்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

ஏடு கற்பிக்கும் பாடம்

தில்லைத் திருக்கோயிலில் பூட்டிய அறையுள் இருந்த தேவார ஏடுகளை, இராசராச சோழ மன்னர் நம்பியாண்டார் நம்பிகளின் துணைகொண்டு வெளிக்கொணர்ந்த வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. அறை திறந்தபோது ஏடுகளைச் செல் மூடியிருந்தது. அழிந்தவை போக எஞ்சியவையே கிடைத்தன என்பதை நாம் அனைவரும் கேட்டிருக்கின்றோம். இவ்வரலாறு உணர்த்தும் உண்மை யாது? பூட்டி வைத்தல் வேறு. காத்து வைத்தல் வேறு. ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் நூல் எத்துணைப் புனிதமானதாயினும் அழிவுக்கு அருகிலேயே இருக்கின்றது.

உ.வே. சாமிநாதையர் அவர்கள் (1855-1942) ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியதன் பயனாக, 1887இல் சீவகசிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அச்சேறின. பழஞ்சுவடிகளை ஆற்று வெள்ளத்தில் விடுவதையும் தீயில் இடுவதையும் புண்ணியமென்று எண்ணிச் செய்தவர்களைப் பற்றியும் அவர் வருந்தி எழுதியுள்ளார். அவ்வாறு செய்தவர்களிடம் பக்தி இல்லாமல் இல்லை. படியெடுத்த பின்னரே பழையதை விடவேண்டும் என்னும் முறையை மறந்தனர் என்பதே குறை.

கல் காத்த பதிகம்

ஓலை இழந்ததைக் கல் காத்த அற்புதமும் உண்டு. திருவாரூர் மாவட்டத்திலுள்ள திருவிடைவாய்த் திருத்தலத்திற்குரிய திருஞானசம்பந்தர் பதிகம் ஏடுகளில் கிடைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தலத்துக் கல்வெட்டிலேயே அது கண்டறியப்பட்டது. அச்சுவரின் மேல் சுண்ணாம்புப் பூச்சு ஏறியிருந்தாலோ, திருப்பணியின்போது அக்கல் இடம் மாறி உடைந்திருந்தாலோ, அப்பதிகம் நமக்கு என்றென்றும் கிடைத்திராது.

தஞ்சைப் பெரியகோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வதற்கென இராசராசர் நியமித்த நாற்பத்தெண்மரின் பெயர்களும் கல்லில் உள்ளன. மன்னர் பெயரை மட்டுமன்றி, பாடிய அடியார் பெயரையும் காத்தவை நம் கோயிற் சுவர்கள். எனவே கோயிற்சுவர் ஓர் ஊரின் நினைவேடு எனலாம்.

கல்வெட்டை ஈரத்தாளின் மேல் தூரிகையால் தட்டி மை ஒற்றிப் படியெடுக்கும் முறை நூறாண்டுகளுக்கு மேலாக வழக்கிலுள்ளது. இன்று அத்துடன் ஒளிப்படமும் துணைசெய்கின்றது. நேரே விழும் வெளிச்சத்தில் மழுங்கித் தோன்றும் எழுத்து, பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து தெளிவாகப் புலப்படும். பல கோணங்களில் ஒளியைப் பாய்ச்சி எடுத்த படங்களைக் கணினியில் இணைத்துப் படிக்கும் முறையும் இந்த அடிப்படையில் அமைந்ததே.

கணினி ஏற்ற திருமுறை

புதுச்சேரியிலுள்ள சைவ ஓலைச்சுவடித் தொகுப்பு ஏறத்தாழ 11,000 சுவடிகளைக் கொண்டது. அதனை யுனெஸ்கோ நிறுவனம் 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் 2007இல் "கணினித் தேவாரம்" என்னும் குறுந்தகட்டினை வெளியிட்டன. மூலத்துடன் வி.எம். சுப்பிரமணிய ஐயர் எழுதிய ஆங்கில விளக்கமும் சொல்லடைவும் அதில் இடம்பெற்றன. ஒரு சொல் மூவர் முதலிகளின் திருப்பாடல்களில் எங்கெங்கு வருகின்றது என்பதை முன்பு அறிய வேண்டுமாயின் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். இன்று சில நொடிகளில் அறியலாம். ஆயினும் சொல்லைத் தேடித் தருவது மட்டுமே கணினி. பொருளை உணர்வது ஓதுபவர் உள்ளமே ஆகும்.

1998ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழன்பர்கள் ஊதியம் கருதாது நூல்களைத் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் இணையத்தில் ஏற்றினர். இது நம் காலத்து ஏடெழுதும் தொண்டன்றோ!

படம் மீட்ட கூத்தப்பிரான்

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் எழுந்தருளியிருந்த நடராசப் பெருமானின் செப்புத் திருமேனி களவு போயிற்று. 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடம் அதனை ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. அது நம் பெருமானே என்று நிறுவ உதவியது எது? புதுச்சேரி ஆய்வு நிறுவனத்தார் முன்னரே எடுத்து, ஊர்ப்பெயருடன் முறையாக வைத்திருந்த ஒளிப்படமே. ஒப்புமை தெளிவாயிற்று. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அத்திருமேனியை நம் நாட்டிடம் ஒப்படைத்தார்.

அன்பர்களே, இதனை ஊன்றி எண்ண வேண்டும். படம் இருந்தது, எனவே பெருமான் மீண்டார். படம் எடுக்கப்படாத சிற்றூர்க் கோயில்களின் திருமேனிகள் களவு போயின், அவை நம்முடையவை என்று சொல்ல நம்மிடம் என்ன சான்று உண்டு?

நாம் கற்க வேண்டியவை

முதலாவது, அனுமதி. கருவறையிலும், படமெடுத்தல் விலக்கப்பட்ட இடங்களிலும் எவரும் தாமாகப் படம் எடுத்தல் கூடாது. செயல் அலுவலர் அல்லது அறங்காவலரிடம் முறைப்படி இசைவு பெற்றே இப்பணியைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, குறிப்பு. ஊர், கோயில், சுவரின் திசை, நாள், எடுத்தவர் பெயர் ஆகியவை இல்லாத படம், முகவரி இல்லாத மடல் போன்றது. அளவு தெரியும்படி அருகில் ஓர் அளவுகோலையும் வைக்க வேண்டும். கல்வெட்டின் மேல் சுண்ணக்கட்டி தேய்த்தலும் எண்ணெய் பூசுதலும் ஆகா.

மூன்றாவது, எழுத்துமுறை. முன்னாளில் பற்பல எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை இன்று படிக்க இயலாத குறிகளாய்த் தோன்றுவதுண்டு. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்யப் பழகுங்கள்.

நான்காவது, மூலத்திற்கு உண்மையாயிருத்தல். ஓலையில் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றாகவே தோன்றும். ஐயமுள்ள இடத்தில் ஊகித்து எழுதாது, ஐயம் என்றே குறித்து, அறிந்தவரிடம் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

ஐந்தாவது, பல படிகள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களுடன் அரிய சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாதவை மீளவே இல்லை. அவ்விழப்பை உணர்ந்த ஈழத்தமிழர்களே 2005 முதல் நூலகம் என்னும் மின்னூலகத்தை வளர்த்து வருகின்றனர். ஆதலின் ஒரு படி கோயிலிலும், ஒரு படி வேறோர் ஊரிலும், மற்றொரு படி இணையச் சேமிப்பிலும் இருத்தல் நலம். குறுந்தகடும் வன்தட்டும் ஓலையினும் விரைவில் பழுதாகக் கூடியவை. சில ஆண்டுகளுக்கொருமுறை புதியதில் படியெடுத்தல் இங்கும் இன்றியமையாததே.

நிறைவாக ஒன்று. மின்படி இருக்கின்றதே என்று மூல ஏட்டையும் கல்லையும் புறக்கணித்தல் பெருந்தவறு. படி என்பது காவல், மூலமே செல்வம். இல்லத்துப் பரணில் பழஞ்சுவடி வைத்திருப்போர் அதனை வெள்ளத்தில் விடாது, அறிந்தவரிடம் காட்டிப் படியெடுக்கச் செய்யுங்கள். குடமுழுக்குத் திருப்பணி தொடங்குமுன் உங்கள் ஊர்க் கோயிற்சுவர்களைப் பதிவு செய்ய முன்வாருங்கள். முதியோர் எழுத்தை வாசித்துக் காட்டட்டும். இளையோர் கணினியை இயக்கட்டும். இருவரும் ஒருங்கே அமரும் இடத்தில் இத்தொண்டு செவ்வனே நடைபெறும்.

பெயர் தெரியாத அந்த ஏடெழுதிய அடியார்களின் வரிசையில் நாமும் ஒருவராய்ச் சேர எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்குமாக!