லட்டுக்கு ஏன் இத்தனை மஞ்சள்?



சந்தையில் இரண்டு கடைகளில் லட்டு இருக்கிறது. ஒன்று வெளிறிய மஞ்சள். மற்றொன்று பளிச்சென்று இருக்கிறது. குழந்தை எதைக் கேட்கும்? பளிச்சென்று இருப்பதைத்தான். கடைக்காரருக்கும் இது தெரியும்.

கடலை மாவுக்கு அந்த நிறம் கிடையாது. அது சாயப்பொடியின் நிறம்.

செயற்கைச் சாயங்களில் பாதிக்கு மேல் ஒரே குடும்பம். அதன் பெயர் அசோ சாயம். சேலை, தோல், காகிதம் எல்லாவற்றுக்கும் இதைப் போடுகிறார்கள். விலை குறைவு. ஒரு சிட்டிகை போதும்.

இந்தக் குடும்பத்தில் நான்கு நிறங்களை மட்டும் உணவில் சேர்க்க நம் நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. அதற்கும் அளவு உண்டு. ஒரு கிலோ இனிப்பில் 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

மெட்டானில் எல்லோ அந்த நான்கில் இல்லை. அது துணிக்கும் தோலுக்கும் போடும் சாயம். உணவில் போடுவது குற்றம். ஆனாலும் லட்டு, ஜிலேபி, மஞ்சள்தூள், துவரம்பருப்பு ஆகியவற்றில் அதைப் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மூளை பாதிக்கப்பட்டது.

கெடுதல் எப்படி வருகிறது? அசோ சாயத்தின் நடுவில் ஒரு கொக்கி போன்ற இணைப்பு உண்டு. நம் குடலில் உள்ள நுண்ணுயிரிகள் அதைக் கழற்றிவிடும். சாயம் துண்டாகும். சில துண்டுகள் நஞ்சு. பென்சிடின் என்பது அப்படி ஒரு துண்டு. அது சிறுநீர்ப்பையில் புற்றுநோயை உண்டாக்கும். முதலில் பலியானவர்கள் சாயத் தொழிலாளர்கள்தான். லட்டைப் பற்றிப் பேசும்போது அவர்களை மறந்துவிடுகிறோம். பென்சிடின் சாயங்களை நம் அரசு தடை செய்தது. 1997இல் மேலும் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுங்கள். ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள் போடுங்கள். நல்ல தூள் அடியில் தங்கும். தண்ணீர் இளமஞ்சளாக இருக்கும். சாயம் கலந்திருந்தால் தண்ணீர் அடர்ந்த மஞ்சளாகிவிடும். சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள்.

பாக்கெட் பண்டம் வாங்கினால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். நிறம் என்ற இடத்தில் 102, 110, 122, 124 என்று எண் இருக்கும். அந்த நான்கு அசோ நிறங்கள் இவைதான். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எண் தெரியுமே! 102 சிலருக்கு உடம்பில் தடிப்பை உண்டாக்கும். அப்படி வருபவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

பேரும் எண்ணும் இல்லாத கலர்ப்பொடியை நாங்கள் வாங்குவதில்லை. சோதித்துப் பார்த்த மஞ்சள்தூளில் ஒரு சிட்டிகைதான் எங்கள் கேசரிக்கு. நிறம் கொஞ்சம் மட்டுதான். இதுவரை யாரும் தட்டை ஒதுக்கவில்லை.