மடை யார் கையில்?

(நரிக்குடியில் இளைஞர்கள் கூடிய சிறு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கணினி படித்தவன் அல்ல. என் முனைவர் பட்ட ஆய்வு இந்தப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதைப் பற்றியது. அதனால் கண்மாயில் தொடங்கித்தான் கம்ப்யூட்டருக்கு வர முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு மடை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மடையைத் திறந்து வயல் வயலாகத் தண்ணீர் கட்டுகிறவருக்கு நீர்பாய்ச்சி என்று பெயர். பல ஊர்களில் இந்த வேலை தலைமுறை தலைமுறையாகத் தலித்துகள் மேல்தான் சுமத்தப்பட்டது. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்ற கணக்கு முழுவதும் அவர் மனதில் இருக்கும். மடை அடைத்துக்கொண்டால் தண்ணீருக்குள் மூழ்கி எடுப்பவரும் அவர்தான். ஆனால் எப்போது திறப்பது, யாருக்கு முதலில் விடுவது என்பதை நிலக்காரர்கள் முடிவு செய்தார்கள். வேலையும் அறிவும் ஒருவரிடம், அதிகாரம் வேறொருவரிடம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு லினக்ஸுக்கு வருவோம். அதில் 'ரூட்' என்று ஒரு பயனர் உண்டு. எதையும் நிறுவலாம், எதையும் அழிக்கலாம், யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்யலாம். மற்றவர்கள் எல்லாம் அவர் கொடுத்த அனுமதிக்குள் புழங்கும் பயனர்கள். அந்தக் கண்மாயில் நீர்பாய்ச்சிக்குக் கிடைக்காதது எதுவோ, அதுதான் ரூட்.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் தெருவுக்குள் நுழைந்த முதல் கணினிகள் அவை. இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்று பேசியவர்கள் யாருடைய வீட்டிலும் அப்போது கணினி இல்லாமல் இல்லை. பிறகு மேற்படிப்புக்கு ஒரு கல்வி நிறுவனத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். துறையில் ஒரு சர்வர் இருந்தது. அதன் கடவுச்சொல் சில ஆய்வாளர்களிடம் மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. நான் கேட்டேன். "உனக்கு எதுக்குப்பா அதெல்லாம்? எந்த ஃபைல் வேணும்னு சொல்லு, எடுத்துத் தர்றோம்" என்றார்கள். யாரும் சாதி பெயரைச் சொல்லவில்லை. கிணற்றடியில் தள்ளி நிற்கச் சொல்லி, மேலிருந்து ஊற்றுவார்களே, அந்தக் காட்சிதான் நினைவுக்கு வந்தது.

இப்போது நம் கதை. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏராளமான கணினிகள் ஒரே நாளில் 'பழசு' ஆயின. மதுரையிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் அப்படி ஒதுக்கப்பட்ட பதினொரு பெட்டிகளைச் சேகரித்து அனுப்பினார்கள். இந்த ஒன்றியத்தின் ஒரு சிற்றூரில், காலனியில் இருக்கும் இரவுப் பாடசாலைக்கு அவை வந்து சேர்ந்தன.

முதலில் நடந்தது ஒரு சண்டை. பதினொன்றில் நான்கைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்கள் நம் பிள்ளைகள். இரண்டு 32 பிட் பெட்டிகள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, அந்த வகைக்கான நிறுவியையே கைவிட்டுவிட்டது. மற்ற இரண்டில் மதர்போர்டு செத்திருந்தது. 'இலவசமாகக் கொடுத்ததைத் திருப்பி அனுப்பலாமா?' என்று பெரியவர்கள் தயங்கினார்கள். பழைய சோறும் பழைய துணியும் வாங்கியே பழக்கப்படுத்தப்பட்ட சமூகம் நாம். உடைந்ததையும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். மின்கழிவைக் கையால் உடைத்து ஈயத்தையும் செம்பையும் பிரிப்பவர்கள் இந்த நாட்டில் யார் என்பதும் நமக்குத் தெரியும். எனவே அந்த நான்கும் உரிமம் பெற்ற மின்கழிவு நிறுவனத்துக்குப் போகட்டும் என்று எழுதி, திருப்பி அனுப்பினோம். நன்கொடையாளர்கள் கோபித்துக்கொள்ளவில்லை.

மீதி ஏழில் ஒன்றைச் சர்வர் ஆக்கினோம். தூசி தட்டி, செயலிமேல் புதுப் பசை தடவினோம். மற்ற பெட்டிகளிலிருந்து எடுத்த நினைவகத் துண்டுகளைச் சேர்த்து 16 ஜிபி ஆக்கி, இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டினோம். ஒரு துண்டு பிழை காட்டியது, மாற்றினோம். ஹார்ட் டிஸ்க்குகளில் முதல் உரிமையாளர்களின் கோப்புகள் இருந்தன. ஒன்றையும் திறந்து பார்க்காமல் முழுவதும் அழித்தோம். நலமாக இருந்த இரண்டை, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் பதியும்படி ரெய்டு முறையில் இணைத்தோம். அதன்மேல் டெபியன். யுபிஎஸ்ஸுக்குப் பேட்டரி மட்டும் கைக்காசு போட்டுப் புதிதாக வாங்கினோம். இந்த மின்வெட்டில் அது இல்லாமல் ஆகாது.

கிவிக்ஸ் என்ற மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் இப்போது அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதோடு அரசுப் பாடநூல்கள், தேர்வாணையத்தின் பழைய வினாத்தாள்கள், அண்ணலின் நூல்கள். 1956இல் மறைந்த அவருடைய காலத்தில் வெளியான நூல்களுக்கான காப்புரிமை 2016 முடிவோடு முடிந்துவிட்டது, மூலங்களைத் தாராளமாகப் பகிரலாம். ஒரு வைஃபை ரவுட்டர் போதும். டேட்டா காசில்லாமல் அம்மாவின் ஃபோனிலேயே படிக்கலாம்.

இது புதிய யோசனை அல்ல. பெங்களூருவில் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில், கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத் தன்னார்வலர்கள் அம்பேத்கர் சமூகக் கணினி மையத்தை நடத்தினார்கள். அந்தக் குழந்தைகள் ஜிம்ப்பில் படம் வரைந்தார்கள். விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு ஊர்ப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்றுத் தருகிறது. அரசுக்குள்ளும் நடந்தது. 2006க்குப் பிறகு எல்காட் நிறுவனத்தை லினக்ஸுக்கு மாற்றியவர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அவரைத்தான் 2010 ஜூலையில், பட்டியல் சாதிச் சான்றிதழ் பொய்யாகப் பெற்றார் என்று சொல்லிப் பணியிடை நீக்கம் செய்தார்கள். பெரும் எதிர்ப்புக்குப் பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. எத்தனை கணினியை மாற்றினாலும் சான்றிதழைக் காட்டு என்று கேட்கும் அமைப்பு மாறவில்லை.

கட்டற்ற மென்பொருள் தோழர்களிடம் இதனால்தான் எனக்கு ஒரு விவாதம் உண்டு. உரிமம் எல்லோருக்கும் சமம் என்கிறார்கள். உண்மை. பம்பாய் சட்டமன்றம் 1923இல் பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறந்து தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் 1924இல் ஏற்றுக்கொண்டது. தாளில் குளம் திறந்துதான் இருந்தது. 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் தலைமையில் மக்கள் நடந்து போய்த் தண்ணீரை அள்ளிய பிறகுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. அள்ளியவர்களை அடிக்கவும் செய்தார்கள். உரிமம் என்பது தீர்மானம். குளம்வரை யார் நடக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

சர்வரை எங்கே வைப்பது என்பதிலும் இந்தக் கேள்வி வந்தது. ஊர் மண்டபத்தில் வைத்தால் 'எல்லோருக்கும் பொது' ஆகும் என்றார் ஒரு நண்பர். அந்த மண்டபத்தின் திண்ணையில் நம் பிள்ளைகள் இன்றும் உட்காருவதில்லை. காலனியிலேயே வைத்தோம். அலைக்குத் தெரு எல்லை தெரியாது. மாலையில் ஊர்ப் பையன்கள் சிலர் ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று வினாத்தாள் பதிவிறக்குகிறார்கள். அலை அங்கே போகிறது, அவர்கள் இங்கே வரவில்லை. இதை வெற்றி என்று எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கதவைப் பூட்டவும் இல்லை.

கடைசியாக, நான் வெட்கப்பட வேண்டிய ஒரு செய்தி. ரூட் உரிமையை மூன்று பேருக்குக் கொடுத்திருந்தோம். அதில் ஒருவர் பதினொன்றாம் வகுப்புத் தங்கை. கண்மாய் வேலை செய்த பாட்டிகளின் பேச்சைப் பதிவு செய்து சேமிப்பது அவள் பொறுப்பு. ஒரு நாள் தவறான இடத்தில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டாள். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் போய்விட்டது. ரெய்டு என்பது டிஸ்க் செத்தால் காப்பாற்றும், நாம் அழித்தால் அதுவும் சேர்ந்து அழிக்கும் என்பதை அன்று கற்றோம். வாரம் ஒருமுறை இன்னொரு பெட்டியில் பிரதி எடுத்து வந்ததால் பெரும்பகுதி மீண்டது. நான்கு நாள் பதிவுகள் போயின. ஃபோனில் இடமில்லை என்று அங்கேயும் அழித்திருந்தார்கள்.

நான் உடனே சொன்னேன்: "கொஞ்ச நாளைக்கு உன் ரூட் உரிமையை எடுத்துடலாம்மா. என்ன வேணும்னு சொல்லு, நான் செஞ்சு தர்றேன்."

அவள் கேட்டாள்: "அண்ணே, நீங்க அழிச்சிருந்தா உங்ககிட்டேருந்து எடுத்திருப்பாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சொல்லப்பட்ட அதே வாக்கியத்தை நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன். அவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

உரிமையை எடுக்கவில்லை. பிரதி எடுப்பதை வாரத்திலிருந்து தினசரிக்கு மாற்றினாள். கட்டளையை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் உட்கார்ந்து படித்து அவளே எழுதினாள். போன பதிவுகளுக்காக மறுபடி பாட்டிகளிடம் போனாள். ஒரு பாட்டி, முதலில் சொன்னதைத் திரும்பச் சொல்ல மறுத்துவிட்டார். அது போனது போனதுதான்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். கணினி கொடுப்பவர்கள், ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, சார்ஜரோடு கொடுங்கள். கற்றுத்தர வருபவர்கள், ஒரு நாள் முகாம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகாமல் மூன்று மாதமாவது வாருங்கள். போகும்போது கடவுச்சொல்லை விட்டுவிட்டுப் போங்கள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததும் நானும் இங்கிருந்து கிளம்பிவிடுவேன். ரூட் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கும்படி போன வாரம் அந்தத் தங்கையிடம் சொல்லியிருந்தேன். இங்கே வருவதற்கு முன் காலையில் முயன்று பார்த்தேன். இந்தப் பயனருக்கு அனுமதி இல்லை என்று வந்தது.